ராஜா மகளை எழுப்பிய தமிழ்

தில்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் நாங்கள் குடியிருந்த தொண்ணூறுகளில், நானூறு வருஷப் பழைய ஆங்கில சோக நாடகம் ஒன்றைத் தமிழ் வானொலிக்காக எழுதிக் கொடுத்தேன். கடைசிக் காட்சியில் ராஜாவின் மகள் விஷம் குடித்துச் சாகிறாள். மேடையென்றால் விழுந்து காட்டிவிடலாம். வானொலியில் சாவும் காதுக்குத்தான் தெரிய வேண்டும். அதற்காகத் தயாரிப்பாளர், அந்தக் காலத்து லூட் இசைத்தட்டு ஒன்றை எங்கிருந்தோ பிடித்து வந்தார். லூட், நம் வீணைக்குத் தூரத்துச் சொந்தம். ராஜா மகளை எழுப்புவார், பதில் வராது, அந்த மௌனத்தில் லூட் தொடங்கும் என்று ஏற்பாடு.

நடிக்க வந்தவர்கள் எல்லோரும் மத்திய சர்க்கார் ஆட்கள். மந்திரி பேசியது கோவைத் தமிழ், வில்லனுக்குக் கும்பகோணம். ராஜாவாக நடித்த என் கணவர் சுத்தத் திருநெல்வேலி. அதனால் எல்லோரும் எழுத்துத் தமிழ்தான் பேச வேண்டும் என்று தயாரிப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

“மகளே, எழுந்திரு” என்று எழுதியிருந்தேன். என் கணவர் அதை ஆபீஸ் சர்க்குலர் மாதிரி வாசித்தார். திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தும் தேறவில்லை. கடைசியில் தாளைக் கீழே வைத்துவிட்டு, “ஏளா, எந்திரி. நேரமாச்சுல்லா” என்றார். தினமும் ஸ்கூல் பஸ்ஸுக்காக எங்கள் மகளை எழுப்புகிற அதே குரல். தயாரிப்பாளர் இசைத்தட்டை ஓடவிட்டார்.

சீமை ராஜா ‘ஏளா’ என்பானா என்று பஸ்ஸில் வீடு வரைக்கும் சண்டை பிடித்தேன்.

“செத்துக் கெடக்க பிள்ளைய வேற எப்படிக் கூப்பிட?” என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என் கவலையெல்லாம் மகள் கேட்பாளா என்பதுதான். தில்லியில் பிறந்தவள். தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கவே மூக்கால் அழுவாள். நான் எழுதியதில் ஒரு வரியாவது அவள் காதில் ஏற வேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு ஆசை. ஒலிபரப்போ ஞாயிறு அதிகாலை.

“சண்டே தூங்க விடும்மா. அந்தத் தமிழ் எனக்கு சமஜ்லயே வராது” என்று பாதி ஹிந்தியில் சொல்லிவிட்டு முந்தைய ராத்திரியே கதவைச் சாத்திக்கொண்டாள்.

ரேடியோவுக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்தோம். வீட்டுச் சத்தமும் அதில் விழுந்துவிடும் என்பதால் இருவரும் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். விஷக் கட்டம் வந்தது. “ஏளா, எந்திரி. நேரமாச்சுல்லா.” ரேடியோவில் மௌனம்.

உள்ளறையிலிருந்து தூக்கக் கலக்கத்தில் பதில் வந்தது: “பாஞ்ச் மினிட்ப்பா.”

லூட் தொடங்கியது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, கொஞ்சம் பொறாமையும்தான். நான் எழுதாத வரிக்கல்லவா பதில் சொன்னாள்.

இப்போது அவர் இல்லை. கேசட்டை மகள் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள். அதில் இன்றைக்கும் அவர் எழுப்புகிறார், அவள் ஐந்து நிமிஷம் கேட்கிறாள்.