தாராவியில் ஒரு சஹன் சாப்பாடு

பிள்ளைகளே, ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குச் செம்பூரில் உங்கள் அத்தை வீட்டிலிருந்து கிளம்பினேன். வலது கை ஆள்காட்டி விரலில் நகச்சுற்று. நுனி பழுத்துச் சீழ் கோத்திருந்தது. அத்தை ஓர் எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் செருகிவிட்டாள். குர்லாவில் ரயில் மாறும்போது எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள். பழத்தை எடுத்துப் போட்டுவிட்டு, மருந்துக் கடையில் பத்து ரூபாய்க்குக் கட்டுத்துணி வாங்கிச் சுற்றிக்கொண்டேன்.

செம்பூரிலிருந்து சயானுக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். அங்கிருந்து தாராவி தொண்ணூறு அடி ரோட்டுக்கு நடந்தே போனேன்.

பன்னிரண்டேகால். சாகுல் காக்கா கல்யாண வீட்டு வாசலில் நின்றார். காக்கா என்றால் கடற்கரை முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன். நம் ஊரில் என் மோட்டார் ரிப்பேர் கடைக்குப் பக்கத்தில் பை தைத்தவர். இப்போது இங்கே தோல் பைப் பட்டறை வைத்திருக்கிறார். அன்று அவர் மகள் கல்யாணம். நான் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

ஒரு மணிக்குப் பாய் விரித்தார்கள். நான்கு நான்கு பேராகச் சுற்றி உட்கார, நடுவில் சஹன் வந்தது. சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. அதில் நெய்ச்சோறு, கறி, கத்தரிக்காய். நான்கு பேரும் அதிலேயே கைவைத்துச் சாப்பிட வேண்டும். அதற்கு ஒழுங்கு உண்டு. கையைச் சுத்தமாகக் கழுவ வேண்டும். தனக்கு நேரே உள்ள சோற்றைத்தான் எடுக்க வேண்டும். முதலில் சாப்பிட்டு முடித்தவர் மற்றவர்களுக்காகக் காத்திருக்க வேண்டும்.

சீழ்பிடித்த விரலை மூன்று பேர் சோற்றில் எப்படி வைப்பது? வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. நம் ஊரில் காக்கா கடை திறந்த அன்று கொடுத்த விருந்தில், நம் தெருக்காரர் ஒருவர் சஹனைப் பார்த்ததும் ‘வயிறு சரியில்லை’ என்று எழுந்து போனார். அன்று சாயங்காலமே அவர் பரோட்டா தின்றுகொண்டிருந்ததைக் காக்காவும் நானும் பார்த்தோம். அதற்குப் பிறகு என்னைத் தவிர நம் தெருவில் யாரையும் காக்கா சாப்பிடக் கூப்பிட்டதில்லை. இப்போது நானும் ஒரு சாக்குச் சொன்னால்?

கை கழுவத் தண்ணீர் ஊற்றுகிறவர் என்னிடம் வந்துவிட்டார். காக்காவும் பக்கத்தில் நின்று பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

“காக்கா, நான் இதுல கை வைக்கக் கூடாது” என்றேன். மற்ற மூவரும் நிமிர்ந்தார்கள். காக்காவின் முகம் மாறியது. உடனே கையை எடுத்துக் கட்டை அவிழ்த்துக் காட்டினேன்.

குனிந்து பார்த்தார். “அட, இதுக்கா வந்ததுலேந்து பைக்குள்ள கைய விட்டுக்கிட்டு நிக்கிற? மாப்பிள்ளைக்குப் போட மோதிரம் கொண்டாந்திருக்கியோன்னுல நெனச்சேன்!”

நானும் சிரித்துவிட்டேன்.

“யாரும் இன்னும் கை வைக்கலல்லா? பொறுங்க” என்று கரண்டி எடுத்துவந்து, என் பக்கத்துச் சோற்றையும் கறியையும் ஒரு தட்டில் பிரித்து வைத்தார். தேக்கரண்டியும் கொடுத்தார். நான் தட்டோடு நகரப் பார்த்தேன். “எங்க போற? இங்கனயே இரு” என்று என் தட்டைச் சஹனோடு ஒட்டி வைத்தார்.

அப்போது எதிரில் இருந்தவர் மெல்லக் கையைத் தூக்கினார். கோவண்டியில் கடை வைத்திருப்பவராம். “பாய், எனக்கும் ஒரு பிளேட் குடுங்க. மூணு நாளா சர்தி, மூக்கொழுகல், இருமல். சொன்னா எந்திரிக்கச் சொல்லுவீங்களோன்னு சும்மா உக்காந்துட்டேன்.”

“இதத்தான் முதல்லயே சொல்லணும்” என்று காக்கா அவருக்கும் பிரித்து வைத்தார். மிச்சமிருந்த இருவரில் ஒருவர், “வேற யாருக்காச்சும் ஏதாச்சும் இருக்கா? கறி பூராவும் எங்களுக்கே வந்துரும்போல” என்றார். பாய் முழுக்கச் சிரிப்பு. தேக்கரண்டியால்தான் என்றாலும், இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

நான்கு மணிக்குக் கிளம்பினேன். சயான் வரைக்கும் கையை வீசிக்கொண்டு நடந்தேன்.

நம் வீட்டில் ஆளுக்கொரு தட்டு. ஆனால் பள்ளிக்கூடத்தில் நீங்கள் ஒரே டப்பாவில் கை வைக்கிறீர்கள், ஒரே பாட்டிலில் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நன்றாகப் பகிர்ந்து சாப்பிடுங்கள். சளியோ புண்ணோ இருந்தால், கை வைப்பதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். வேறு யாராவது அப்படிச் சொன்னால், அவரைத் தள்ளி உட்காரச் சொல்லாதீர்கள். டப்பா மூடியில் அவர் பங்கை எடுத்துவைத்து, பக்கத்திலேயே உட்காரவையுங்கள்.