உருண்டு நின்ற சொட்டு

அந்தப் பெயின்டருக்கு, அவரோடு வேலை செய்தவர்கள் வைத்த பெயர் உப்புத்தாள். மரமோ மனிதரோ, கையில் சிக்கியதை ரணமாக்காமல் விடமாட்டார். பதினெட்டு வருடத்தில் பதினோரு பேரை அடித்தே விரட்டியிருந்தார். ஒருவனுக்குப் பல் போனது, இன்னொருவனுக்குக் காது கேட்காமல் போனது. கடைசியில் மிஞ்சியது கூடப்பிறந்த தம்பிதான். போன மாதம் உதட்டில் தையல் போட்டு வந்த அன்று அவனும் சொல்லிவிட்டான், இன்னொரு தடவை கை நீட்டினால் அண்ணன் தம்பி உறவே கிடையாது என்று.

இப்போது எடுத்த வேலை ஒரு பெரிய வீட்டின் பின்பக்க மரத்தளம். எண்ணெய்ச் சாயம் ஊறிய பழைய பலகைகள். வெறும் மரம் தெரியும்வரை தேய்க்காமல் மேலே பெயின்ட் அடித்தால் ஒரே மழையில் தோல் தோலாக உரிந்துவிடும். மூன்று நாள் தம்பி முட்டி போட்டு, சுரண்டியும் கையுமாகத் தேய்த்தான். நான்காம் நாள் காலை அண்ணன் முதல் பலகையின் தூசியைத் தாமே துடைத்துவிட்டு, வழக்கம்போல் அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். மரம் குடித்தால் அடிப்பூச்சான பிரைமர் அடிக்கலாம்; எண்ணெய் மிச்சமிருந்தால் குடிக்காது. சொட்டு உருண்டு திரண்டு அப்படியே நின்றது.

தம்பி ஓபி அடித்துவிட்டான் என்று கோபம் தலைக்கு ஏறியது. தம்பியின் பிடரியைப் பிடித்துத் தரையில் மோதினார். அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். வாயிலேயே ஒரு குத்து விழுந்தது. தடுக்க நீட்டிய கையின்மேல் சுரண்டியின் இரும்புப் பிடியை ஓங்கி இறக்கினார். எலும்பு முறிந்த சத்தம் இருவருக்கும் கேட்டது. தம்பி எழுந்து, கையை ஏந்திக்கொண்டு போய்விட்டான்.

உப்புத்தாள் மூச்சு வாங்க உட்கார்ந்தார். அவர் இன்னும் துடைக்காத பக்கத்துப் பலகையில் தம்பியின் ரத்தம் சொட்டியிருந்தது. அது உருளவில்லை, மரம் உறிஞ்சிக்கொண்டிருந்தது. அங்கே தண்ணீர் விட்டுப் பார்த்தார். அதுவும் உள்ளே இறங்கியது. தூசி துடைத்த துணியை முகர்ந்தார். சுரண்டிகள் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவுகிற துணி அது. முதல் பலகையில் எண்ணெய் பூசியது அவர் கைதான்.

சாயங்காலம் தம்பி வீட்டுக் கதவைத் தட்டினார். மாவுக்கட்டோடு தம்பியே திறந்தான். துணியைக் காட்டி, தப்பு தன்னுடையது என்றார். திருப்பி அடிக்கச் சொன்னார். காறித் துப்பவாவது சொன்னார்.

"நீ துணிய மாத்தி எடுத்தப்பவே பாத்தேண்ணே," என்றான் தம்பி. "குறுக்க பேசினா அடிப்பியேன்னு வாய மூடிக்கிட்டேன். அப்புறம் சொல்லலாம்னு தெறந்தேன், நீ விடல."

அவன் கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் விழுந்த பிறகும் உப்புத்தாள் நகரவில்லை. துணியைப் பிசைந்து பிசைந்து அவர் கையெல்லாம் எண்ணெயாகியிருந்தது.