வலது காலில் அரை அங்குலம்

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் கை மெஷின் வைத்துச் சட்டை தைத்தவள் நான் ஒருத்திதான். கல்முனைக் கடைத்தெருவில் தையற்காரர்கள் நிறைய இருந்தார்கள்; ஆனால் அவர்கள் ஆண்கள், எங்கள் பெண்கள் அவர்களிடம் அளவு கொடுக்கப் போவார்களா? எல்லாரும் என்னிடம்தான் வந்தார்கள். என்னிடம் ஒரு சின்னத் தந்திரமும் இருந்தது. பருத்தவர்கள் யாராவது வந்து நாடா முப்பத்தெட்டு காட்டினால், நான் முப்பத்தாறு என்று சத்தமாகச் சொல்லுவேன், கொப்பியில் முப்பத்தெட்டு என்று எழுதுவேன். சட்டையும் இறுக்கிப் பிடிக்காது, அவர்களும் பூரித்துப் போவார்கள்.

அதே கொப்பியின் கடைசிப் பக்கங்களில் என் கணவரின் இரண்டு கால்களும் இருந்தன. ஒருநாள் எனக்கு அக்கா போன்ற பக்கத்து வீட்டு ராத்தா கொப்பியைப் புரட்டிவிட்டு, "ஆருக்குகா இது, பதின்மூண்டே கால் இடுப்பு?" என்று கேட்டா. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கதை இதுதான். ஆண்களுக்கு மூத்திரப் பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியில் அவருக்குப் புற்றுநோய் வந்து, ஆபரேஷன் செய்து, சுகம் என்று இரண்டு வருடம் இருந்தோம். பிறகு அது திரும்பி வந்தது. கொழும்பில் சொந்தக்காரர் வீட்டில் ஒன்றரை மாதம் தங்கி, அடிவயிற்றுக்குக் கதிர் வைத்தோம். எங்கள் ஊரில் அதைக் கரண்ட் பிடிப்பது என்பார்கள். எல்லாம் முடிந்து ஊருக்குப் புறப்படும் நாளில்தான் டொக்டர் காலைப் பற்றிச் சொன்னார். கால் வீங்கலாம், வீங்காமலும் போகலாம், மாதங்கள் கழித்தும் வரலாம், வருடங்கள் கழித்தும் வரலாம். காயம், முள்ளு, அட்டைக்கடி எதுவும் ஆகாது. வெறுங்காலோடு சேற்றில் இறங்கக் கூடாது. வீக்கம் தெரிந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அவர்தான் விளக்கினார்.

"வாய்க்கால் தூர்ந்தா மேல்வயல்ல தண்ணி தேங்கி நிக்கும்தானே. கரண்ட் புடிச்ச இடத்துல என்ட வாய்க்கால் தூர்ந்து போகலாமாம். அவ்வளவுதான் புள்ள."

"வயலா இருந்தா மம்பெட்டி எடுத்து வெட்டலாம். உங்கட கால என்ன செய்யிற?" என்றேன்.

"அளந்து பாரன். அதுதானே உன்ட தொழில்," என்றார்.

அப்படித்தான் திங்கட்கிழமை தோறும் அளக்கத் தொடங்கினேன். முழங்காலுக்குக் கீழே நாலு விரல் விட்டு, இரண்டு காலிலும் ஒரே இடத்தில். விடியச் சுபஹு தொழுதுவிட்டு வந்து சாரத்தை முழங்கால் மட்டும் உயர்த்திக்கொண்டு, பெருநாள் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்போல விறைப்பாக நிற்பார். "பதின்மூன்றே கால்" என்பேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்பார். அதற்குப் பிறகுதான் தேத்தண்ணி.

ஒரு போகம் முழுக்க அவர் வயலுக்குப் போகவில்லை. வயல் செய்கிறவரை வீட்டில் வைத்திருப்பதைப் போலப் பொல்லாப்பு வேறில்லை. என் கறியில் உப்பைப் பார்த்தார், மெஷினுக்கு எண்ணெய் விட்டார், வந்த பெண்களெல்லாம் வாசலிலேயே நின்றார்கள். அதனால் பெரும்போக விதைப்புக்கு, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வரம்பில் மட்டும் நிற்கலாம் என்று கல்முனை டொக்டர் சம்மதித்தபோது, அவரைவிட எனக்குத்தான் சந்தோசம் அதிகம்.

விதைப்பும் ஒரு திங்கட்கிழமைதான். பூட்ஸை முதல்நாளே துடைத்து வைத்திருந்தார். நான் நாடாவைச் சுற்றினேன். இடது கால் பதின்மூன்றே கால். வலது கால் பதின்மூன்றே முக்கால். இன்னொரு தரம் சுற்றினேன். அதேதான். நிமிர்ந்து பார்த்தால், சின்னப்பிள்ளை மாதிரி அந்த முகம் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

"பதின்மூண்டே கால்," என்றேன். கொப்பியில் முக்கால் என்று எழுதினேன்.

அவர் போய்விட்டார். நான் மெஷினில் உட்கார்ந்தேன். சட்டைக் கை ஒன்றை முதுகுப் பக்கத்தில் வைத்துத் தைத்தேன். பிரித்துத் தைத்து மறுபடியும் அங்கேயே வைத்தேன். எனக்கு என்மேல் அப்படி ஆத்திரம் வந்தது. ஊரிலுள்ள இடுப்புக்கெல்லாம் சொல்லும் பொய்யை நான் யாருடைய உயிருக்குச் சொல்லியிருக்கிறேன்? நாடாவைத் தோளில் போட்டு, முக்காட்டை இழுத்துவிட்டு, சந்தியில் வாடகைக்கு நின்ற ஹயரிங் காரைக் கூப்பிட்டேன்.

எங்கள் தெருப் பெண்கள் அந்தக் காலத்தில் வயலுக்குப் போவதில்லை. வரம்பில் நான் தடுமாறி வருவதைக் கண்டு, விதைநெல் பெட்டிகளோடு நின்றவர்கள் யாரோ மவுத்து, சாவுச் செய்தியோடு வருகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். அவரும் அப்படித்தான் நினைத்து முகம் வெளிறி ஓடி வந்தார்.

"இஞ்சாருங்க, காலையில நான் பொய் சொல்லிட்டன். வலது கால் அரை அங்குலம் கூடியிரிக்கி."

அவர் என்னையே பார்த்தார். பிறகு வரம்பில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். இத்தனை பேர் பார்க்க நான் குந்தி இருந்து அளந்தேன். பதின்மூன்றே முக்கால்.

"போடியார்ர காலுக்குச் சட்டை தைக்கப் போறாவோ?" என்று கூலிக்காரன் ஒருத்தன் கேட்டான்; வயலுக்குச் சொந்தக்காரரைப் போடியார் என்றுதான் கூப்பிடுவார்கள். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

காரில் அவர் வெளியே வயலையே பார்த்துக்கொண்டு வந்தார். ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கல்முனை டொக்டர் காலைப் பெருவிரலால் அழுத்தினார். விழுந்த குழி மெல்லத்தான் எழும்பியது.

"எப்ப கண்ட நீங்க?" என்று என்னிடம் கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் என் கணவர் முந்திக்கொண்டார். "இண்டைக்கித்தான் டொக்டர். கண்ட உடன வயலுக்கே வந்து என்ன இழுத்துக்கிட்டு வந்துட்டா."

டொக்டர் என்னைப் பாராட்டினார். நான் தரையில் எங்கள் காலடியில் உதிர்ந்து கிடந்த வயல் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிரேப் பண்டேஜ் என்ற இழுபடும் துணியைக் காலில் சுற்ற டொக்டர் காட்டித் தந்தார். படுக்கும்போது கால் உயரத்தில் இருக்க வேண்டும், பாதத்தை மேலும் கீழும் அசைக்க வேண்டும், நோய் திரும்பியதா என்று கொழும்பிலும் காட்ட வேண்டும் என்றார். அந்த வாரமே போய்க் காட்டினோம். நோய் இல்லை, வாய்க்கால்தான் என்றார்கள்.

அடுத்த திங்கட்கிழமை நாடாவை இரண்டு தரம் சுற்றிப் பார்த்தேன். "பதின்மூண்டரை," என்றேன். "இன்னும் கால் அங்குலம் கூடத்தான் இரிக்கி."

அவர் தேத்தண்ணியைக்கூடக் கேட்கவில்லை. படுத்து, தலையணையைத் தானே எடுத்துக் காலுக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

"பயமா இரிக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல புள்ள," என்றார். "கூடினா நீ சொல்லுவாய் எண்டு தெரிஞ்சாத்தான், கூடல்ல எண்டு நீ சொல்லக்குள்ள எனக்கு நித்திரை வரும்."