வராந்தாக் கொடியில் வெள்ளைத் துணிகள்

காகிதம்தான் எங்களைக் காட்டிக்கொடுக்கும் என்று நான் முழுமனதாக நம்பினேன். என் மனைவிக்குக் காசநோய். இருமினால் காகிதத்தில் துப்பி, கையோடு எரித்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தாராவியில் எங்கள் சாலில் ஒரே வராந்தாவை ஒட்டி வரிசையாக அறைகள். ஓர் அறையில் மீன் பொரித்தால் எல்லா அறைக்கும் பசிக்கும். அங்கே நான் பொழுதன்னைக்கும் பழைய பேப்பரை அடுப்பில் போட்டுப் புகைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன வே, உள்ள கள்ளநோட்டா எரிக்கீரு?" என்று பக்கத்து அறை அண்ணாச்சி சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் அவசரமாக அடுப்பை அணைத்தேன். நோய் என்று தெரிந்தால் சால் முதலாளி அறையைக் காலி செய்யச் சொல்லிவிடுவார். நோய்க்காரிக்குப் பம்பாயில் வேறு அறை யார் தருவார்?

ஆகவே என் வேட்டிகளை எல்லாம் சதுரம் சதுரமாக வெட்டினேன். பயந்தவன் கையில் கத்தரிக்கோல் கிடைத்தால் இப்படித்தான். கட்டிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாமல், வேலை பார்த்த தோல் கிடங்குக்குக் கால்சட்டையில் போனேன். காகிதத்துக்குப் பதில் அவள் தலைமாட்டில் துணி. பழையதைச் சோடாவுப்புப் போட்டுக் கொதிக்கவைத்து, நானே அலசினேன். புகை இல்லை, சாம்பல் இல்லை. என்னைப்போல் சாமர்த்தியசாலி உண்டா என்று இரண்டொரு நாள் மார்தட்டிக்கொண்டேன்.

ஆனால் மழைக்காலம். அறைக்குள் துணி காயவில்லை. வராந்தாக் கொடியில் போட்டேன். வரிசையாகச் சின்னச் சின்ன வெள்ளைத் துணிகள். அண்ணாச்சியின் மனைவி வந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் பூரித்துவிட்டது.

"ஏ தம்பி, ஒரு வார்த்தை சொல்லல பாத்தியா! எத்தன மாசம்?"

கலியாணமாகி வெகுநாளாகப் பிள்ளை இல்லாத வீடு எங்களுடையது. நான் தலையைக் குனிந்தேன். பயத்தை அக்கா வெட்கம் என்று எடுத்துக்கொண்டாள். அடுத்த நிமிஷம் என் தோளில் ஓர் அடி விழுந்தது.

"கூறுகெட்டவனே! பிள்ள பொறக்கதுக்கு முன்னால எவனாவது பீத்துணி காயப்போடுவானா? கண்ணு பட்டுராதா? எடு மொதல்ல!"

எடுத்தேன். உள்ளே போய் மனைவியிடம் சொன்னேன்.

"நோய மறைக்கப் போன மனுசன், பிள்ளைய உண்டாக்கிட்டு வந்திருக்கீங்களே" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. துணி சிவந்தது.

அதற்குப் பிறகு அக்கா மாங்காயும் புளிக்குழம்புமாகக் கொண்டுவந்தாள். நான் வாசலிலேயே மறித்து வாங்கிக்கொண்டேன்.

"அவளுக்கு யாரக் கண்டாலும் குமட்டுதுக்கா."

"என்னையக் கண்டாலுமா?"

"என்னையவே கண்டா குமட்டுதுங்கேன்."

மாங்காயை நான்தான் தின்றேன். அவளுக்கு ஊசி கேட்கவில்லை, சோறும் இறங்கவில்லை.

ஒரு நாள் நான் கிடங்கில் இருந்தபோது அக்கா உளுந்தங்களியோடு உள்ளே போய்விட்டாள். இடுப்பில் அவளுடைய கைக்குழந்தை. பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். என் மனைவிக்கு இருமல் வந்தது. துணியை மறைக்க முடியவில்லை.

சாயங்காலம் நான் வந்தபோது அக்கா வராந்தாவில் நின்றாள். சத்தம் போடவில்லை.

"நோயின்னு சொல்லியிருந்தா நான் கிட்ட வந்திருப்பேனோ மாட்டேனோ, அது எனக்கே தெரியல. ஆனா எம்பிள்ளைய மடியில வச்சில்லா உக்காந்திருந்தேன், தம்பி."

அப்போதும் எனக்கு வாயில் ஒரு கேலி வந்தது. விழுங்கிவிட்டேன்.

அந்த வாரமே சால் முதலாளி காலி செய்யச் சொன்னார். ஆண்டாப் ஹில்லில் ஒரு குடிசையில் இடம் கிடைத்தது. மழை விடுவதற்கு முன் அங்கே அவள் இறந்துபோனாள்.