ஸ்ரெல்லா வாய் திறந்த நாள்

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரம் வரைக்கும் ஸ்ரெல்லா கொழும்பில் ஒரு கம்பனியில் டெலிபோன் ஒப்பரேற்றர். கலவரத்தோடு ஒற்றைச் சூட்கேசுடன் முல்லைத்தீவுக் கரைக்கு ஓடி வந்தவள், வந்த சூட்டோடு சூடாகக் கடற்தொழிலாளி வின்சனைக் கலியாணம் முடித்தாள். ஏன் முடித்தாள் என்று கரையில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். மீசைக்காகத்தான் என்பது பொதுவான தீர்ப்பு.

அன்று தொடக்கம் அவள் வாயில் ஒரே இங்கிலீஸ் புராணம். வேலிச் சண்டையில் தோற்கிறமாதிரி இருந்தால், "உங்களோட தமிழில கதைக்கிறதே என்ர பெருந்தன்மை" என்பாள். ஆனால் அவள் இங்கிலீஸ் பேசி ஒருவரும் கேட்டதில்லை. பின்னேரச் செபமாலை மட்டும் விதிவிலக்கு. கன்னியர் மடத்து விடுதியில் படித்த பழக்கத்தில் அதை இங்கிலீஸில்தான் சொல்வாள். முதல் பாதி அவள் சொல்ல, மறுபாதியை வின்சன் தமிழில் சொல்லி முடிப்பான். மாதாவுக்கு இரண்டு பாசையும் தெரியும் என்பதால் குடும்பம் ஓடியது.

போரால் கரையில் இருக்க வழியில்லாமற்போய், தொண்ணூற்றேழில் தர்மபுரத்தில் கொட்டில் போட்டார்கள். கருவாடு விற்றுப் பிழைப்பு. தண்ணீருக்கு வயலைத் தாண்டிக் கமக்காரர் கனகலிங்கத்தாரின் கிணற்றுக்குப் போகவேண்டும். மனிசன் நல்லவர்தான். ஆனால் மிளகாய்க்கு இறைக்கிற நேரம் வாளியோடு பெண்களைக் கண்டால் முகம் கறுத்துவிடும்.

அந்த நேரத்தில்தான் குழாய்க்கிணறு போட்டுத்தர வெளிநாட்டு நிறுவனமொன்றிலிருந்து டெக்லன் என்ற அயர்லாந்துக்காரன் வந்தான். மொழிபெயர்க்கிற பொடியனுக்கு மலேரியா. துரைக்குப் பதில் சொல்ல முன்னுக்கு வந்தவர் குடியிருப்பின் தலைவர் தங்கராசா. சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவர். அவருக்குத் தெரிந்த இங்கிலீஸ் 'யெஸ் சேர்' மட்டும்தான்.

"எல்லாரும் ரோட்டோரத்தில்தான் இருக்கிறீர்களா?" என்று தேத்தண்ணிக் கடையடியில் நின்று டெக்லன் இங்கிலீஸில் கேட்டான்.

"யெஸ் சேர்."

"பெண்களுக்கு இந்த இடம் தூரமா?"

"யெஸ் சேர்."

"அப்ப தூரமில்லையா?"

"யெஸ் சேர்."

துரை தலையைச் சொறிந்துவிட்டுத் தேத்தண்ணிக் கடைக்குப் பக்கத்தில் கிணற்றுக்கு அடையாள முளை அடித்தான். நாளைக்குக் காலமை இயந்திரம் வரும், இந்த ஊருக்கு இந்த ஒன்றுதான் என்றான். கூட்டத்தில் நின்ற ஸ்ரெல்லாவுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. அங்கே கிணறு வந்தால், கொட்டில் பெண்களுக்குக் கனகலிங்கத்தாரின் கிணற்றைவிடத் தூரம். சொல்ல வாயெடுத்தாள். எடுத்த வாயைக் கையால் பொத்திக்கொண்டு பின்னுக்கு நகர்ந்தாள்.

"ஏனடி, உன்ர கொழும்பு இங்கிலிசு எங்க?" என்று பக்கத்துக் கொட்டில் ஜோசப்பின் இடித்தாள். "கருவாட்டோட சேத்து நிறுத்து வித்துப்போட்டியோ?"

"விளங்குது ஜோசப்பின். வாயில வருகுதில்லை."

"வராட்டி நாளைக்கும் கனகலிங்கத்தாற்ர முகத்தைப் பாத்துக்கொண்டு வாளியோட நில்."

பின்னேரம் கருவாட்டுப் பந்தலடியில் ஒத்திகை நடந்தது. வின்சன் இடுப்பில் கைவைத்து, நெஞ்சை முன்னுக்குத் தள்ளிக்கொண்டு துரையாக நின்றான்.

"குட் மோர்னிங் சேர்" என்று ஸ்ரெல்லா தொடங்கினாள். அதோடு சரி. அடுத்த சொல் வரவில்லை.

"சொல்லடியப்பா. துரைக்குக் கால் உளையுது."

"உங்கட மூஞ்சியைப் பாத்தால் துரைமாதிரியே கிடக்கு? எனக்குச் சிரிப்பு வருகுது."

"யெஸ் சேர்" என்றான் வின்சன். காய்ந்த சாளை ஒன்று அவன் நெற்றியில் பட்டு விழுந்தது.

விடிந்ததும் இயந்திர லொறி வந்துவிட்டது. ஜோசப்பின் பின்னாலிருந்து தள்ள, ஸ்ரெல்லா டெக்லனுக்கு முன்னால் போய் விழாத குறையாக நின்றாள். ஊரே பார்க்கிறது. வாயைத் திறந்தாள். பதினான்கு வருசமாக இங்கிலீஸில் அந்த நாக்குக்குத் தெரிந்தது ஒரே பாதைதான். அது அதிலேயே போய்விட்டது. மாதாவுக்குச் சொல்லும் 'அருள் நிறைந்த மரியே' செபத்தின் முதல் பாதியை, பின்னேரச் செபத்தின் அதே வேகத்தில் ஒரே மூச்சில் சொல்லி, பாதியில் நிறுத்தினாள்.

தங்கராசாவுக்கே யெஸ் சொல்ல வரவில்லை.

டெக்லனின் கை தானாகத் தொப்பியைக் கழற்றியது. வாய் தானாக மறுபாதியைச் சொல்லி 'ஆமென்' என்றது. சொல்லி முடித்தபிறகுதான் அவனுக்கே திடுக்கிட்டது. பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். சின்ன வயதில் மறுபாதி சொல்லத் தவறினால் தாய் தொடையில் கிள்ளுவாவாம்.

"என்ர புருசனும் அப்படித்தான் சேர். செபமாலையில மூண்டாவது மணிக்கே நித்திரை" என்றாள் ஸ்ரெல்லா. இங்கிலீஸில்தான் சொன்னாள். சொன்னதைக் கேட்டு முதலில் வாயைப் பிளந்தவளும் அவள்தான்.

அதன்பிறகு அணை உடைத்த குளம்தான். இலக்கணம் ஒரு பக்கம் இழுக்க, சொல் ஒரு பக்கம் இழுக்க, கொட்டில், வயல், வாளி, கனகலிங்கத்தாரின் முகம் எல்லாம் இங்கிலீஸில் வந்து விழுந்தன. கொட்டில்களுக்கு நடுவில் நிற்கும் மருதமரத்தடியைக் காட்டினாள். அங்கே லொறி போகாது, பற்றை என்றான் டெக்லன்.

ஸ்ரெல்லா கருவாட்டு வியாபாரியிடம் செய்கிற வேலையைச் செய்தாள். "அப்ப கிணறு வேண்டாம் சேர், தாங்க்யூ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள்.

"தங்கச்சி, கெடுத்துப்போடாதை!" என்று தங்கராசா பதறினார்.

"சும்மா நில்லுங்கோ அண்ணை. கூப்பிடுவான்."

கூப்பிட்டான். மத்தியானத்துக்குள் பற்றை வெட்டித்தந்தால் லொறியை விடுகிறேன் என்றான். ஊர் ஆம்பிளைகள் கத்தியோடு இறங்கினார்கள். தங்கராசாவும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெட்டினார். பாவம், மனிசன் அன்றைக்குக் கடையும் திறக்கவில்லை.

அடுத்த நாள் மருதமரத்தடியில் தண்ணீர் சேறாகப் பீறிட்டது. குடத்தோடு பாய்ந்த பெண்களைக் கண்டு டெக்லன் கையை ஆட்டி ஏதோ கத்தினான்.

"தெளியுமட்டும் குடிக்கக்கூடாதாம்" என்றாள் ஸ்ரெல்லா. "முதல் குடம் ஸ்ரெல்லாவுக்காம். மற்றவை வரிசையில நிக்கட்டாம்."

ஜோசப்பின் இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எடியே, இது துரை சொன்னதோ, நீ சொல்லுறதோ?"

"சந்தேகமெண்டால் அவரிட்டையே கேள்."

ஜோசப்பின் டெக்லனைப் பார்த்தாள். டெக்லன் ஜோசப்பினைப் பார்த்துச் சிரித்தான். ஜோசப்பின் போய் வரிசையில் நின்றாள்.