மே மாதத்து வாய்ப்பாடு

தெலுங்கு பேசும் ஊரான திருமுல்கேரியில் நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்த தனியார் பள்ளியில், முதல் வருடம் ஏப்ரல் கடைசியில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். டெம்பரரி டீச்சர்களுக்கு மட்டும் லட்டோடு டெர்மினேஷன் ஆர்டரும் கிடைத்தது. ஜூனில் மறுபடி லட்டு, மறுபடி அப்பாயின்ட்மென்ட் ஆர்டர். நடுவில் வரும் மே மாதத்துக்கு ‘பிரேக்’ என்று பெயர். தொடர்ந்து வேலை பார்த்தால் பெர்மனென்ட் ஆக்கச் சொல்லிக் கேட்பார்களே, அதற்குத்தான் இந்த ஏற்பாடு. பள்ளியை நடத்திய கமிட்டியில் எல்லோரும் மத்திய அரசு கம்பெனிகளில் வேலை பார்த்த நம்ம தமிழ்க்காரர்கள். கரஸ்பாண்டென்ட் தன் ஆபீஸில் யூனியன் தலைவர் வேறு. ஊருக்குத்தான் உபதேசம்!

மே மாதம் ஆபீஸில் நான் ஒருத்திதான். வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்துவிட்டு உட்கார்ந்தால், தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரியாது. வராந்தாவில் வெயில் குளம் மாதிரி தேங்கி நிற்கும். பின்னால் இருக்கும் ஹாலிலிருந்து, “செவன் ஒன்ஸ் ஆர் செவன்…” என்று பிள்ளைகளின் குரல் அனல் காற்றில் மிதந்து வரும். கமிட்டிக்காரர்களின் பிள்ளைகளுக்குச் சரோஜா டீச்சர் கணக்கு சொல்லிக்கொடுப்பாள். சம்பளம் கிடையாது. “நம்ம பிள்ளைங்க, நம்ம டீச்சர்” என்று கரஸ்பாண்டென்ட் தொடங்கிவைத்த வழக்கம் அது. வருடா வருடம் கேட்டுக் கேட்டு, அந்தக் குரல் எனக்குக் கோடைத் தூக்கத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

ஒரு வருடம் சரோஜா கர்ப்பமாக இருந்தாள். அவள் கணவருக்கு உடம்பு முடியாமல் வேலை போயிருந்தது. அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

“பிரசவ லீவு கேப்பா. ஜூன்ல அவளுக்கு ஆர்டர் அடிக்காதே, வசந்தா” என்றார் கரஸ்பாண்டென்ட்.

எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கே அவளிடம் சொல்லிவிட்டேன்.

“இந்த வயித்தோட யாருக்கா எனக்கு வேலை குடுப்பா?” என்று அழுதாள்.

தொழிலாளர் ஆபீஸுக்குப் போனாள். டீச்சர் என்றால் சட்டப்படி ‘வொர்க்மன்’ இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கல்வித்துறையில் மட்டும் மனுவை வாங்கிக்கொண்டார்கள். இத்தனைக்கும் நடுவில் ஹாலுக்கு வருவதை அவள் நிறுத்தவில்லை. கேட்டால், “பிள்ளைங்க என்னக்கா பண்ணும்? பின்னம் பாதியில நிக்குதே” என்பாள். இப்படியும் ஒரு பைத்தியமா என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

மே மாத நடுவில் கல்வித்துறை அதிகாரி விசாரணைக்கு வந்தார். வயதான தெலுங்குக்காரர். கரஸ்பாண்டென்ட் மாம்பழ ஜூஸ் கொடுத்துவிட்டு, “ஏப்ரலோட சர்வீஸ் பிரேக், சார். இப்போ அவங்களுக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை” என்றார்.

அதிகாரி டம்ளரைக் கீழே வைத்தார்.

“செவன் டூஸ் ஆர் ஃபோர்டீன்…”

கரஸ்பாண்டென்ட் அசையவே இல்லை. பழகிப்போன அந்தச் சத்தம் அவர் காதில் ஏறியிருக்காது.

“எவரண்டி அக்கட?” அங்கே யார் என்று அதிகாரி கேட்டார்.

“சரோஜா டீச்சர், சார். ஒவ்வொரு மே மாசமும் வந்து கிளாஸ் எடுக்கறாங்க” என்றேன்.

“அது… சும்மா ஒரு ஹெல்ப், சார்” என்று கரஸ்பாண்டென்ட் இழுத்தார்.

அதிகாரி எழுந்து ஹால் வாசலுக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம். சரோஜா ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு போர்டில் எழுதிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்க்கவில்லை. முன் பெஞ்சிலிருந்த கரஸ்பாண்டென்ட்டின் மகள்தான், “டாடி!” என்று கையை ஆட்டினாள்.

“கரஸ்பாண்டென்ட் காரு, பிரேக் எக்கட? சூபிஞ்சண்டி” என்றார் அதிகாரி. எங்கே அந்த பிரேக், எனக்குக் காட்டுங்கள் என்றார்.

சரோஜாவின் சர்வீஸ் தொடர்ச்சியானதுதான் என்று ஆர்டர் வந்தது. பிரசவ லீவு சம்பளத்தோடு கிடைத்தது.

இப்போது பள்ளி நடத்துகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒருவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டோம் என்று கையெழுத்துப் போடுமுன், அவர் வீட்டுக்குப் போய்விட்டாரா என்று ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.

அடுத்த மே மாதம் ஹால் பூட்டிக் கிடந்தது. சரோஜா சம்பளத்தோடு வீட்டில் குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். தட்டிக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு வெகுநேரம் காது கொடுத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. எங்கள் பள்ளிக்கு அந்த வருடம்தான் முதல் முறையாகக் கோடை விடுமுறை விட்டார்கள்.