கும்பிடுவதற்கு முன் பார்த்த மதுரை

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நேர்த்திக்கடனுக்கென்று கோயிலுக்குப் போனால் கும்பிட்ட கையோடு வீடு திரும்பிவிட வேண்டும். வழியில் சொந்தக்காரர் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது, கடை கண்ணி பார்க்கக் கூடாது, வேடிக்கை என்ற பேச்சே எடுக்கக் கூடாது. எங்கள் வீட்டில் இதை யாரும் மீறியதில்லை. என் மாமியாரும் மீறவில்லை. ஆனால் மீறாமலே இரண்டு நாள் மதுரையைச் சுற்றிக் காட்டினார் பாருங்கள், அந்தச் சாமர்த்தியம் எந்த வக்கீலுக்கும் வராது.

அப்போது உலக யுத்தம் நடந்த சண்டைக் காலம். எனக்குப் பத்தொன்பது வயது. விராலிமலையில் ரோட்டோரமாகப் புளியும் கடலையும் வாங்கி விற்கிற கடை எங்களுடையது. கல்யாணமான மறுவருஷம் எனக்கு அம்மை கண்டு, உடம்பை விட்டு இறங்கியும் கண்ணை விட்டு இறங்கவில்லை. மூன்று மாதம் கண்ணைத் துணியால் கட்டிப் படுத்துக் கிடந்தேன். நந்தியாவட்டைப் பூவை ஒற்றி ஒற்றி வைத்தது மாமியார்தான். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கண் திறந்து பார்வை வந்துவிட்டால் மதுரை மீனாட்சிக்கு வெள்ளியில் கண்மலர் கொண்டுவந்து போடுகிறேன் என்று அவர் வேண்டிக்கொண்டார். பார்வை வந்துவிட்டது. சுண்டுவிரல் நீளத்தில் இரண்டு வெள்ளிக் கண்களைச் செய்து, மஞ்சள் துணியில் முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டு அத்தை கிளம்பினார். கூட நானும் என் வீட்டுக்காரரும்.

பெட்ரோல் கிடைக்காத காலம் என்பதால் பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி ஓட்டினார்கள். கொட்டாம்பட்டி மேட்டில் எல்லோரையும் இறக்கித் தள்ளச் சொன்னார்கள். எனக்கு அதுவும் குதூகலமாகத்தான் இருந்தது. மூன்று மாதம் இருட்டில் கிடந்தவளுக்குப் புகையடிக்கிற பஸ் கூடப் பார்க்கப் பார்க்க அலுக்காது.

அவ்வளவு சந்தோஷத்துக்கு நடுவே எனக்கு ஒரே ஒரு கவலை. என் மூட்டைக்குள் ஒரு பாட்டுப் புத்தகம் இருந்தது. என் தம்பி மூன்று வருஷத்துக்கு முன் புதுக்கோட்டையில் ஒரு டாக்கி பார்த்துவிட்டு வாங்கி வந்தது. அவன் கதையைச் சொல்ல ஆரம்பித்தாலே எனக்குத் தூக்கம் வரும், அவ்வளவு குழப்புவான். புத்தகத்தில் கதைச் சுருக்கம் நன்றாகவே இருந்தது. ராணி ஒருத்தி வெள்ளத்தில் பிள்ளையைப் பறிகொடுக்கிறாள். பல வருஷம் கழித்து, திருட்டுப் பழி சுமந்து நிற்கிற அவளை ஆற்றில் தள்ளச் சொல்லி ஒரு வாலிபனுக்கு உத்தரவு வருகிறது. அந்த வாலிபன்தான் அவள் பிள்ளை. ‘தள்ளினானா? மகன் தாயை அறிந்தானா? மீதியை வெள்ளித் திரையில் காண்க’ என்று போட்டு நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் அந்தப் படம் எங்கள் ஊர்ப் பக்கம் வரவேயில்லை. கண் கட்டியிருந்த நாட்களில் புத்தகம் முழுவதையும் மனப்பாடமாக அத்தைக்குப் பாடிக் காட்டினேன். அவருக்கு எழுத்து தெரியாது. ஒவ்வொரு தடவையும் கடைசியில், “தள்ளிட்டானா, இல்லையா? அதச் சொல்லாம என்ன பொஸ்தகம் போட்டான், கட்டையில போறவன்” என்று அச்சடித்தவனைத் திட்டுவார். மதுரையில் எப்படியும் அந்தப் படம் எங்காவது ஓடும் என்று நான் நம்பினேன். கும்பிட்டுவிட்டால் நேரே வீடு. கும்பிடுவதற்கு முன் பார்த்தால் உண்டு.

மேலச் சித்திரை வீதியில் ஓர் ஓட்டலின் மாடியில் ரூம் எடுத்தோம். ஜன்னலைத் திறந்தால் மேலைக் கோபுரம் உள்ளே வந்துவிடும் போல் நின்றது. என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கப் போனார்.

“டேய், கையக் கீழ போடு,” என்றார் அத்தை. “ஜன்னலச் சாத்து. கை தன்னால கூப்பிக்கிரும்.”

“கும்பிடத்தானே ஆத்தா வந்துருக்கோம்?”

“கும்பிடுவோம். மொதல்ல இவ கண்ணு நல்லாயிருச்சான்னு பாக்க வேணாமா? தெரியாத கண்ணுக்குப் போயி கண்மலரப் போட்டா அது பொய்க் காணிக்கை. ஊரச் சுத்திக் காட்டு. எல்லாம் தெரியிதான்னு பாப்போம்.”

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அத்தைக்கும் மதுரை புதிது. ஜன்னலில் கோபுரப் பக்கத்துக் கதவைச் சாத்தி அதன்மேல் ஈரப் புடவையை உலர்த்திவிட்டு, தெருப் பக்கத்துக் கதவை மட்டும் திறந்து வைத்தார். பிறகு விளக்கு சுவிட்சைப் பத்துத் தடவை போட்டு அணைத்துப் பார்த்தார். “தெரியிதா?” என்று ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்டார். “தெரியிது அத்தை,” என்றேன்.

அன்று மத்தியானம் ஆரம்பித்தது எங்கள் சோதனை. நாயக்கர் மகாலில் ஒரு தூணை நானும் அத்தையும் இரண்டு பக்கமும் கட்டிப்பிடித்துப் பார்த்தோம், கை எட்டவில்லை. என் வீட்டுக்காரரையும் சேர்த்து மூன்று பேராகப் பிடித்தோம், அப்போதும் எட்டவில்லை. அங்கிருந்து ஜட்காவில் ரயிலடிக்குப் போய், எங்கும் போகாமல், வந்த ரயிலையும் போன ரயிலையும் எண்ணிக்கொண்டு நின்றோம். பருத்திப்பால் குடித்தோம். தெப்பக்குளத்தின் நடுவிலே மண்டபம் தெரிகிறதா என்று அத்தை கேட்டார். மண்டபத்துக்குப் பக்கத்து மரத்தில் உட்கார்ந்திருந்த காக்கை கூடத் தெரிகிறது என்றேன். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்தக் கண்ணை அவரே செய்து பொருத்திய மாதிரி, ஜட்காக்காரரிடம், “என் மருமகளுக்குக் காக்கா தெரியிதுங்க,” என்றார். அவர் குதிரையைப் பார்த்துக்கொண்டே, “சந்தோசம்ங்க,” என்றார்.

கஷ்டம் என்னவென்றால் அந்த ஊரில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் கோயிலில் கொண்டுபோய் விடும். தலையைக் குனிந்துகொண்டே நடந்தோம். புதுமண்டபத்தில் வளையல் வாங்கப் போனால் தூணுக்குத் தூண் சாமி. “அங்கிட்டுத் திரும்பாத. வளவியப் பாரு, வளவிய மட்டும் பாரு,” என்று என் முகவாயைப் பிடித்துத் திருப்பினார் அத்தை. சிவப்பில் ஒரு டஜன் போட்டுக்கொண்டேன். அம்மைத் தழும்பு விழுந்த கை கூட அன்றைக்கு அழகாகத் தெரிந்தது எனக்கு.

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் காபி வாங்கி வருகிறேன் என்று தூக்குச் சட்டியோடு கீழே போனார். நான் ஜன்னலில் நின்றேன். பேண்டு வாத்தியச் சத்தம் கேட்டது. இரண்டு பக்கமும் தட்டி கட்டிய ஒரு குதிரை வண்டி வந்தது. தட்டியில் தலைவிரி கோலமாக ராணி. வெள்ளம். என் படம். விழுந்தடித்துக் கீழே ஓடி வண்டிக்காரன் வீசிய நோட்டீசைப் பொறுக்கினேன். இன்றே கடைசி என்று போட்டிருந்தது. பகல் ஆட்டமும் உண்டு. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி அத்தையிடம் காட்டினேன்.

“ஆத்துல தள்ளுற படமா?” என்றார்.

“அதேதான்.”

அவர் உடனே எழுந்து தலையை முடிந்துகொண்டார். அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் தூக்குச் சட்டியோடு உள்ளே வந்தார். நெற்றி நிறையக் குங்குமம். காதில் பூ.

நாங்கள் கேட்பதற்குள் அவரே தடுமாறிச் சொன்னார். “கூட்டத்தோட கூட்டமாப் போயிட்டேன் ஆத்தா. காபிக் கடைக்கு எதுத்தாப்புல வாசல். எல்லாரும் செருப்பக் கழட்டினாங்க, நானும் கழட்டிட்டேன்.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கும்பிட்டாகிவிட்டது. இனி நேரே வீடு. நோட்டீசை மடித்துப் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்தேன். அவர் மேல் வந்த கோபத்தில் காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் குடித்தேன், அது வேறு விஷயம்.

அத்தை மட்டும் நிதானமாகக் காபியை ஆற்றினார். “கும்பிட்டது யாரு?” என்று கேட்டார்.

“நான்தான்.”

“அப்ப நீ ஊருக்குப் போ. நேரா போகணும், எங்கயும் எறங்கப்படாது. நாங்க இன்னும் கும்பிடலயே.”

“பொம்பளைங்க ரெண்டு பேரத் தனியா விட்டுட்டு எப்புடிப் போறது?”

“இந்த ஊர்ல அதிகாரம் பண்றதே ஒரு பொம்பளதானடா. அவ பாத்துக்குவா. நாளைக்குக் காலையில கும்பிட்டுட்டு மத்தியான பஸ்ஸுல வாரோம், போ.”

பாவம், குங்குமம் கலையாமல் பஸ் ஏறினார். போகும்போது என்னைப் பார்த்த பார்வையில் அவருக்கும் அந்தப் படத்தைப் பார்க்க ஆசை என்று தெரிந்தது. இரக்கப்பட எனக்கு நேரமில்லை.

கொட்டகையில் பெண்கள் பக்கம் தனியாகத் தடுப்புக் கட்டியிருந்தார்கள். நாங்கள் போகும்போதே பெஞ்சு நிறைந்துவிட்டது. சுவரோரமாக ஓர் ஓரத்தில் இடம் கிடைத்தது. விளக்கு அணைந்ததும் அத்தை என் கையைப் பிடித்தார். ராணி பாட ஆரம்பித்ததும் நானும் சேர்ந்து முணுமுணுத்தேன். அந்த வரிகளை இருட்டில் எத்தனை தடவை பாடியிருப்பேன். இப்போது அதே வரிக்கு உதடு அசைகிறது, கண் கலங்குகிறது, காற்றில் முந்தானை பறக்கிறது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. படச்சுருள் மாற்ற விளக்குப் போடும்போதெல்லாம் முறுக்கு விற்கிறவர் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது.

கடைசிச் சுருள். ராணியின் கையைக் கட்டி ஆற்றங்கரைக்கு இழுத்து வருகிறார்கள். மகன் பின்னாலேயே வருகிறான். அவள் அம்மனை நினைத்துப் பாடுகிறாள். எங்கேயோ மணி அடிக்கிறது. ஒரு கோயில் கதவு தானாகத் திறக்கிறது.

“ஏ புள்ள,” என்று அத்தை என் மணிக்கட்டை இறுக்கினார். “அம்மன் வரப் போவுது.”

“ஆமா அத்தை.”

“வேண்டிக்கிட்டவ நான். கண்மலரு இன்னும் என் இடுப்புல இருக்கு. இங்க பாத்துட்டா கும்பிட்ட கணக்காயிரும். நான் கண்ண மூடிக்கிறேன். நீ பாரு. கும்பிட்டுறாத, பாத்து எனக்குச் சொல்லு.”

இறுக்கிக் கண்ணை மூடிக்கொண்டார். மூன்று மாதம் அச்சடித்தவனைத் திட்டியவர், முடிவு வரும்போது மூடிக்கொண்டார். நான் மறுப்பதற்குள் அம்மன் வந்துவிட்டாள் போலிருக்கிறது. கொட்டகை முழுவதும் ‘தாயே’ என்று எழுந்து நின்றது. எனக்கு முன்னால் ஒரு வரிசை முதுகு. சூடம் கொளுத்துகிற வாசனை. எழுந்து பார்க்கலாம் என்றால் நான் கும்பிட்டுவிடுவேனோ என்று அத்தை மணிக்கட்டை விடவேயில்லை. குனிந்து பார்த்தேன், சாய்ந்து பார்த்தேன். ஒரு சுங்குடிப் புடவை மட்டும் தெரிந்தது.

“என்ன ஆச்சு? தள்ளிட்டானா?”

எனக்குக் கண் கட்டியிருந்த நாட்கள் ஞாபகம் வந்தது. சாயங்காலமானால் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, “இந்தா, மயிலு வந்துருச்சு. மாட்டுக் கொட்டகைக்கிட்ட நிக்கிது. இப்ப தோகைய விரிக்கிது,” என்று சொல்லிக்கொண்டிருப்பார். தினமும் ஒரு மயில். நாளைக்கும் வருமா என்று கேட்டுக்கொண்டே தூங்குவேன். கட்டு அவிழ்த்த பிறகுதான் தெரிந்தது, மலையடியில் இருக்கிற மயில் ரோட்டைத் தாண்டி எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததே இல்லை என்று. என் வீட்டுக்காரர் சொல்லிச் சிரித்தார். எனக்குத் தெரியும் என்பதை அத்தையிடம் நான் காட்டிக்கொள்ளவில்லை.

“தள்ளல அத்தை,” என்றேன். “அம்மன் நடுவுல நிக்கிறா. கயித்த விட்டுட்டான்.”

“அப்புறம்?”

“அவ தோள்ல ஒரு தழும்பு. சின்னப் புள்ளையில அவன் கடிச்ச தழும்பு. அதப் பாத்துட்டான். ஆத்தான்னு கூப்புடுறான். கையில கட்டியிருந்தத அவுக்கிறான். அவ அவன் மூஞ்சியத் தடவித் தடவிப் பாக்குறா.”

மூடிய கண்ணிலிருந்து அத்தைக்குத் தண்ணீர் வழிந்தது. அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அந்த நிமிஷம் வரை நான் யோசித்ததில்லை. முதுகுகள் ஒவ்வொன்றாக உட்கார்ந்தபோது திரையில் ‘சுபம்’ என்ற எழுத்து மட்டும் நின்றது. வெளியே வரும்போது மற்றப் பெண்கள் படத்தைப் பற்றிப் பேசுவது அவர் காதில் விழக் கூடாதே என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடாத குறையாக நடந்தேன்.

மறுநாள் விடியற்காலையில் குளித்து, ஜன்னலின் இரண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டுக் கோயிலுக்குப் போனோம். வெள்ளிக் கண்களை என் கையில் கொடுத்து உண்டியலில் போடச் சொன்னார். நான் போட்டேன். கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, வளையல் கடைப் பக்கம் கூடத் திரும்பாமல், நேரே பஸ் ஏறினோம்.

நாங்கள் வந்த மறுநாள் தண்ணீர் எடுக்கிற கிணற்றடியில் பெண்கள் அத்தையைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்தப் பாட்டெல்லாம் அவர்களுக்கும் தெரியும். முடிவு என்ன என்று கேட்டார்கள். அத்தை குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார். நடுவில் நின்ற அம்மன், கயிறு, தோளில் தழும்பு, ஆத்தா என்ற கூப்பாடு, எல்லாம் நான் சொன்னபடியே. எனக்கு முகம் சூடேறியது. வாளியில் தண்ணீர் இறைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

“அப்புறம்,” என்றார் அத்தை, “ஆத்தங்கரையில ஒரு மயிலு வந்துச்சு. தோகைய விரிச்சு ஆடுச்சு பாரு, கொட்டகையே எந்திரிச்சு நின்னுச்சு.”

மயில் என்று நான் சொல்லவேயில்லை. வாளிக் கயிறு என் கையில் அப்படியே நின்றது.

“என்ன புள்ள, வந்துச்சுல்ல?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

“வந்துச்சு அத்தை,” என்றேன்.